தாயத்து உறக்கமாகாது, கனவு சட்டமாகாது



சென்ற மாதம் சூலூரில் எமது மக்தபுக்கு ஒரு தந்தை தம் மகனை அழைத்து வந்தார். “ஹஜ்ரத், ராத்திரியில பையன ஏதோ அமுக்குதுங்க. கண்ணு முழிச்சும் கை கால் அசைக்க முடியலையாம். ஓதிப் பாத்து ஒரு தாயத்துக் கட்டுங்க” என்றார். எப்போது உறங்குகிறாய் என்று பையனைக் கேட்டேன். செல்பேசியை வைக்க இரவு இரண்டு மணியாகும் என்றான். சுப்ஹுக்கு எழுப்பிவிடுகிறார்கள். மூன்று மணி நேர உறக்கம்! இதற்கு ஜின்னின் மீது பழி போடுவது நியாயமா?

கனவுகள் மிகுந்து தோன்றும் உறக்க நிலையை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும் உலகுக்கு அறிவித்தனர். மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் நிலை அது. அப்போது கை கால் தசைகள் தளர்ந்து கிடக்கும். கனவில் ஓடுபவன் எழுந்து ஓடிவிடாதிருக்க அல்லாஹ் அமைத்த காப்பு அது. அறிவு விழித்தும் தசைகள் விழிக்காத அந்தச் சிறுபொழுதையே நாம் ‘அமுக்குவான்’ என்கிறோம். உறக்கக் குறைவு அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. ஓதிய பாடம் நினைவில் நிலைப்பதும் உறக்கத்தில்தான். இரவு ஷிப்டில் மில்லுக்குச் செல்வோரை நான் குறை கூறவில்லை. அவர்கள் பகலில் உறங்க, வீட்டார் அமைதி காக்கட்டும்.

இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. அந்த சுன்னத்தை விட்டுவிட்டுத் தாயத்தைத் தேடுகிறோம்!

“ஹஜ்ரத் கனவையே மறுக்கிறாரா?” எனச் சிலர் கேட்கக்கூடும். இல்லை. நற்கனவு அல்லாஹ்விடமிருந்து வருவது. துயரக் கனவு ஷைத்தானிடமிருந்து வருவது. மூன்றாம் வகையோ மனிதன் தன் உள்ளத்தோடு பேசிக்கொள்வது என நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். தீய கனவு கண்டால் இடப்புறம் மும்முறை இலேசாகத் துப்பி, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுக்கவும், அதை எவரிடமும் கூறாதிருக்கவும் கற்பித்தார்கள். இதில் கட்டணம் எங்கே, கனவுப் பலன் கூறுபவர் எங்கே? இப்ராஹீம் (அலை) அவர்களின் கனவு வஹீ. நம் கனவு எவருக்கும் சட்டமாகாது.

இதை மறந்ததன் விலையைத் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் போயின. நோயாளி வீடு திரும்பும் உத்தரவு கனவில் வரும் என்பதே அங்கு நிலவிய நம்பிக்கை. அந்த உத்தரவுக்காக மாதங்களும் ஆண்டுகளும் காத்திருந்தார்கள்! மார்க்கம் இதைக் கட்டளையிட்டதா? மருத்துவம் செய்துகொள்ளுமாறல்லவா நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள்?

பெற்றோரே, இஷாவுக்குப் பின் செல்பேசியை வாங்கி வையுங்கள்; முதலில் உங்களுடையதை. துஆ ஓதி உறங்கச் செய்யுங்கள். நேரத்தோடு படுத்தும் உறக்கம் வராமல், பிள்ளை வாரக்கணக்கில் அஞ்சியோ தனித்தோ இருந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது ஈமானின் குறைவன்று, அமானிதத்தைப் பேணுவதாகும்.

அல்லாஹ் நம் இரவுகளை அமைதியானவையாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.