கடவுளை ஏமாற்ற ஒரு பட்டனா?

யூதர்கள் வீட்டு மின் அடுப்புகளில் ‘சப்பாத் மோட்’ என்று ஒன்று உண்டு. பேச்சு வந்தாலே நம் நண்பர்கள் சிலருக்குச் சிரிப்புதான். “கடவுளையே ஏமாற்ற ஒரு பட்டன் வைத்திருக்கிறார்களே!” என்கிறார்கள். எனக்கு இந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை.

சனிக்கிழமை ஓய்வு நாளில் அவர்கள் சமைக்கக்கூடாது. பண்டிகை நாள் அப்படியல்ல. சாப்பாட்டுக்கான வேலையை மட்டும் செய்யலாம் என்று யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் தீக்குச்சி உரசிப் புதிதாக நெருப்பு உண்டாக்கக்கூடாது. ஏற்கெனவே எரியும் நெருப்பிலிருந்து பற்றவைக்கலாம். வேலை முடிந்ததே என்று அணைக்கவும் கூடாது. புது நெருப்புக்கான தடை கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவிலேயே இருக்கிறது. அன்று காஸ் அடுப்பு ஏது, கம்பெனி ஏது? ஏமாற்றுவதற்காக நேற்று யாரோ கண்டுபிடித்த ஓட்டை அல்ல இது.

பஸ்காவுக்கு முந்தின நாளே 48 மணி நேரம் எரியும் மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, மறுநாள் அதிலிருந்து நெருப்பெடுத்து அடுப்பைப் பற்றவைக்கிற அம்மாள் ஏமாற்றுக்காரியா? ஏமாற்ற நினைப்பவள் பேசாமல் லைட்டரை அழுத்திவிட்டுப் போவாளே!

அந்த பட்டன் செய்வதும் பெரிய மாயம் இல்லை. பல அவன்கள் 12 மணி நேரத்தில் தானே அணையும், கதவைத் திறந்தால் விளக்கு எரியும். அவற்றை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். இயந்திரத்தின் வாலைக் கட்டிப்போடுவது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பண்டிகையன்று பட்டனை அழுத்திச் சூட்டைக் கூட்டலாமா என்பதில் ரபிகளுக்குள்ளேயே பெரிய தகராறு. சில மாடல்களில், அழுத்தியபின் கொஞ்சம் தாமதித்து வேலை செய்வதால் கூடும் என்றார்கள் சிலர். கூடவே கூடாது என்றார்கள் வேறு பலர். ஏமாற்ற வந்தவர்கள் இப்படியா மல்லுக்கட்டுவார்கள்?

சிரிப்பவர்களிடம் ஒரே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அதை அவர்கள் கேட்பதே இல்லை. அணைக்காத அடுப்பு ஆபத்தில்லையா? ஆபத்துதான். 2015 மார்ச்சில் புரூக்ளினில், ஓய்வு நாளுக்காக எரியவிட்ட ஹாட் பிளேட்டால் வீடு பற்றி ஒரே குடும்பத்தின் 7 குழந்தைகள் இறந்தன. இதற்குச் சட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் அணைத்தே தீரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தூக்கத்தில் இருப்பவரை எழுப்ப அது போதாது, அலாரம் வேண்டும். அந்த வீட்டில் புகை அலாரம் ஒன்றே ஒன்று, அதுவும் நிலவறையில் இருந்தது.