காகத்தின் கதையும் விஞ்ஞானப் பாடமும்

விஞ்ஞானம் கற்பிக்கப் பெரிய கட்டிடமும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். அவை இல்லாத கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் புஸ்தகத்தை நெட்டுருப் போடச் செய்வதன்றி வேறு வழியில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது பெருந் தவறென்பது நமது திடமான அபிப்பிராயம்.

தாகங் கொண்ட காகத்தின் கதையை அறியாத குழந்தை நம் நாட்டில் அரிது. உபாத்தியாயர் அதைச் சொல்லி முடித்ததும், நீதியை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, ஒரு கண்ணாடித் தம்ளரையும் கூழாங்கற்களையும் குழந்தைகள் முன் வைப்பாராக. தம்ளரில் முக்கால் பங்கு நீர் இருந்தால், கல் விழ விழ நீர் ஏறி விளிம்பைத் தொடுகிறது. கால் பங்கே இருந்தாலோ, தம்ளர் நிறையக் கல்லிட்டாலும் நீர் மேலே வருவதில்லை. கற்களின் இடுக்குகளிலேயே தங்கி விடுகிறது. அப்படியாயின் கதை பொய்யா? கல்லுக்குப் பதில் மணலிட்டால் என்ன ஆகும்? வகுப்பு முழுவதும் வாதாடத் தொடங்கும். அந்த வாதமே விஞ்ஞானத்தின் ஆரம்பம். அதற்குப் பிடிக்கும் செலவு சொற்பமே.

இது வெறும் மனோராஜ்யமன்று. மத்தியப் பிரதேசத்தில், இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ம் வருஷம் இரண்டு தொண்டு ஸ்தாபனங்கள் 16 பள்ளிகளில் இம்முறையைத் தொடங்கின. 1978-ல் அது ஜில்லா முழுவதும் பரவியது. 1982-ல் ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் பொறுப்பேற்றது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புக் குழந்தைகள் சிறு குழுக்களாக அமர்ந்து, தாமே பரிசோதித்து, கண்டதை எழுதி, அதைப் பற்றி விவாதித்தனர். தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் அவர்களுக்குக் கருவிகளாயின. சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்கு அவர்கள் கடிதமெழுதிக் கேள்வி கேட்டனர், பதிலும் பெற்றனர். பரீக்ஷையில் புஸ்தகத்தைப் பார்த்து எழுத அனுமதி உண்டு. செய்து காட்டும் பரீக்ஷையும் உண்டு. உபாத்தியாயர்கள் கோடை விடுமுறையில் பயிற்சி பெற்று, மாதந்தோறும் கூடித் தங்கள் சந்தேகங்களைத் தீர்த்துக் கொண்டனர்.

முப்பது வருஷம் வளர்ந்த இப்பயிரை 2002-ல் அந்த ராஜ்ய சர்க்கார் ஓர் உத்தரவால் நிறுத்தி விட்டது. வருந்தத் தக்க செயல் என்றே நாம் சொல்லுவோம். ஆயினும் அம்முயற்சி கற்பித்த பாடம் அழியவில்லை. அதைத் தாங்கி நின்றது தீக்குச்சியன்று. கேள்விக்கு அஞ்சாத உபாத்தியாயரே. நான்கு வகுப்புகளை ஒருவர் தலையில் சுமத்தி, மனப்பாடத்தையே அளக்கும் பரீக்ஷையையும் வைத்துக் கொண்டு, "கதை சொல்லிக் கற்பியுங்கள்" என்று உபதேசிப்பதில் பயனில்லை. சிக்கனமான முறை இருக்கிறதென்பது, பள்ளிகளைத் தரித்திரத்திலேயே விட்டு வைப்பதற்குச் சாக்காகக் கூடாது.

2020-ம் வருஷத்துத் தேசீயக் கல்விக் கொள்கை கதை வழிப் போதனையையும், கையால் செய்து கற்பதையும் பாராட்டிப் பேசுகிறது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமையென்று 1976-ல் செய்த திருத்தத்தின் மூலம் நமது அரசியல் சட்டமும் விதித்திருக்கிறது. காகிதத்திலுள்ள இவ்வாக்கியங்கள் வகுப்பறைக்கு வந்து சேர வேண்டாமா? போதிய உபாத்தியாயர்கள், இடைவிடாத பயிற்சி, பரீக்ஷையில் சீர்திருத்தம் ஆகிய மூன்றையும் எல்லா ராஜ்யங்களின் கல்வி மந்திரிகளும் தாமதமின்றி அளிக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.

"ஏன்?" என்று கேட்ட குழந்தையை வாய்மூடச் செய்யும் தேசம், நாளை அறிவுக்காகப் பிறர் வாசலில் நிற்க நேரிடும். அந்த நிலை நமக்கு வேண்டாம்.