மரக்காணத்துக்கு வரும் சுற்றுலா: உப்பளத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மரக்காணம் கடற்கரையில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பக்கத்தில் உள்ள கழுவெளியில் வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும்.

பறவை பார்க்கவும் கடற்கரையில் ரூம் போட்டுத் தங்கவும் வருபவர்கள் இனி அதிகரிக்கலாம். அவர்கள் செலவழிக்கும் பணம், வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் உப்பளத் தொழிலாளியின் கைக்கு வருமா? சுற்றுலாவை நம்பும் எல்லா வளரும் நாடுகளிலும் கேட்கப்படும் கேள்விதான் இது.

மரக்காணம் ஏன் கவனம் பெறுகிறது?

தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் தமிழகத்தின் முக்கியமான உப்பு உற்பத்தி மையம், விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம். அதை ஒட்டியுள்ள கழுவெளி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. இதில் 5,151 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது.

மரக்காணத்தில் ரூ.25 கோடியில் சர்வதேச பறவைகள் மையம் அமைக்கப்படும் என்று 2023-24 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்து, மரக்காணம் - புதுச்சேரி இடையே 46 கி.மீ. தூரத்துக்கு ரூ.2,157 கோடியில் நான்குவழிச் சாலை அமைக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இதுவரை மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் ஊராக இருந்த மரக்காணம், இப்போது சுற்றுலா வரைபடத்துக்குள் வருகிறது.

சுற்றுலாவால் என்ன நன்மை?

உலக அளவில் 2024-ல் சுமார் 140 கோடி பேர் வெளிநாட்டுப் பயணம் போனதாக ஐ.நா. சுற்றுலா அமைப்பு கணக்கிட்டது. வளரும் நாடுகளுக்கு இது அந்நியச் செலாவணி. தொழிற்சாலை இல்லாத ஊரிலும், பெரிய படிப்பு இல்லாதவர்களுக்கும், பெண்களுக்கும் வேலை தரக்கூடிய தொழில் இது.

மரக்காணத்தில் இந்த வாதத்துக்குக் கூடுதல் பலம் இருக்கிறது. இங்கு உப்பு உற்பத்தி பெரும்பாலும் ஜனவரி முதல் செப்டம்பர் வரைதான். அதன்பின் மழைநீர் பாத்திகளில் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த வேலையில்லாக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு அதைப் பிரித்தால் ஒரு நாளைக்கு 55 ரூபாய்கூட வராது.

பறவைகள் வருவதோ மழைக்காலத்தில் தொடங்கி மார்ச் வரை. வழிகாட்டி வேலை, சாப்பாட்டுக் கடை, வீட்டிலேயே தங்கவைக்கும் ஹோம்ஸ்டே போன்றவை உள்ளூர்க்காரர்கள் கையில் இருந்தால், உப்பு இல்லாத மாதங்களில் ஒரு வருமானம் பிறக்கும். ஆனால் புயல் வந்தால் இதுவும் அடிபடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கடலோரத்தில்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் உப்பும் கிடையாது, சுற்றுலாப் பயணியும் கிடையாது.

சரி, காசு எங்கே போகுது?

சுற்றுலாவில் செலவாகும் பணம் முழுதும் அந்த ஊரில் தங்குவதில்லை. விமான நிறுவனம், வெளிநாட்டு ஓட்டல் குழுமம், இறக்குமதிப் பொருட்கள் என்று பெரும்பகுதி வெளியே போய்விடும். இதைப் பொருளாதாரத்தில் 'கசிவு' என்கிறார்கள். சிறிய வளரும் நாடுகளில் சுற்றுலா வருவாயில் 40 முதல் 50 சதவீதம் வரை இப்படிக் கசிகிறது. பல தொழில்கள் உள்ள வளரும் நாடுகளில் இது 10 முதல் 20 சதவீதம் என்பது ஐ.நா. வர்த்தக, மேம்பாட்டு அமைப்பின் மதிப்பீடு.

ஒரு நாட்டில் நடப்பது ஒரு ஊரிலும் நடக்கும். சென்னையில் இருந்து ஒரு குடும்பம் வார இறுதிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காசு எண்ணெய் நிறுவனத்துக்கு. ரூம் வாடகையில் ஒரு பங்கு ஆன்லைன் புக்கிங் தளத்துக்கு, மீதி வெளியூர் ரிசார்ட் முதலாளிக்கு. ஷாப்பிங் புதுச்சேரியில். மரக்காணத்தில் இறங்குவது இளநீர், வறுத்த மீன், அறையைச் சுத்தம் செய்பவரின் சம்பளம். அவ்வளவுதான்.

உப்பு வாருபவர்களில் பலர், அடுத்தவர் குத்தகைக்கு எடுத்த பாத்தியில் கூலிக்கு வேலை செய்பவர்கள். நிலத்தின் மதிப்பு ஏறினால் லாபம் நிலம் வைத்திருப்பவருக்குத்தான். உப்பளமே வேறு பயன்பாட்டுக்கு மாறினால் கூலிக்காரருக்கு இருந்த ஒன்பது மாத வேலையும் போய்விடும்.

தண்ணீரும் மணலும்

கடலோரத்தில் நல்ல தண்ணீர் என்பது உவர்நீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய அடுக்கு. நீச்சல் குளத்துக்கும் புல்வெளிக்கும் போர்வெல் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழிருந்து உப்பு நீர் ஏறிவிடும். ரிசார்ட் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். பக்கத்துக் குப்பத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

கடற்கரையில் தவறான கட்டுமானத்தின் விலையும் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். 1980-களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்காகப் போட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் மணல் நகர்வைத் தடுத்தன. அதனால் நகரத்தின் கடற்கரை மணலே காணாமல் போனது. அரிப்பு வடக்கே தமிழகப் பகுதி மீனவக் கிராமங்கள் வரை போனது. அது சுற்றுலாவுக்காகக் கட்டியது இல்லை. ஆனாலும் ஒரு இடத்தில் போட்ட கல் அடுத்த ஊர் வீட்டை இடிக்கும் என்பதற்கு அது சாட்சி.

சுற்றுலாவை மட்டும் நம்பினால்?

இலங்கைக்கு 2018-ல் 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். வருவாய் 400 கோடி டாலரைத் தாண்டியது. 2019 ஈஸ்டர் தாக்குதலும் அதன் பின் கொரோனாவும் அந்த வருவாயை முடக்கின. 2022-ல் அந்நாடு டாலர் இல்லாமல் தவித்ததற்கு இது ஒன்றே காரணமல்ல. ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று. சுற்றுலா கூடுதல் வருமானமாக இருக்கும்வரை நல்லது. இருக்கும் தொழிலை விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆபத்து.

இனி என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல முன்மாதிரி பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய கலெக்டரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். காரணம் எளிது: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்களின் வயலுக்கு உரம். பறவையால் ஊருக்கு லாபம் இருந்தது, அதனால் ஊர் பறவையைக் காத்தது.

மரக்காணத்தில் அது நடக்குமா என்பதை மூன்று விஷயங்களை வைத்துச் சொல்லிவிடலாம். பறவைகள் மையத்தின் வழிகாட்டி, பராமரிப்பு வேலைகளில் உப்பளக் குடும்பங்களுக்கும் மீனவக் குடும்பங்களுக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது? புதிய ரிசார்ட்டுகள் எடுக்கும் நிலத்தடி நீருக்கு வரம்பு வைக்கப்படுகிறதா? உப்பளம் உப்பளமாகவே தொடர்கிறதா? நான்குவழிச் சாலை வேலை முடிவதற்குள் இவற்றை முடிவு செய்தாக வேண்டும். சாலை திறந்து நில விலை ஏறிய பிறகு கேட்டால், பதில் சொல்லும் இடத்தில் உள்ளூர்க்காரர்கள் இருக்க மாட்டார்கள்.