கைமாற்றை நம்பிய வங்கி

2007 செப்டம்பர் 14. பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் சேமிப்பாளர்கள் பணத்தைத் திரும்பப் பெற நீண்ட வரிசையில் நின்றனர். உலகம் பார்த்தது அந்த வரிசையை. ஆனால், உண்மையான ஓட்டம் ஒரு மாதத்துக்கு முன்பே, ஆகஸ்டில், ஓசையின்றி நடந்துமுடிந்திருந்தது. அன்று ஓடியவர்கள் வாசலில் நிற்காத, அவ்வங்கிக்குப் பெருங்கடன் கொடுத்துவந்தவர்கள்: பிற வங்கிகளும் நிதி நிறுவனங்களும்.

நீண்டகால வீட்டுக்கடனை, அதைவிடக் குறுகிய காலக் கடனாக வாங்கிய பணத்தால் பெருமளவு கொடுத்துவந்தது அவ்வங்கி. பழைய கடன் முதிரும்போதெல்லாம் புதுக்கடன் கிடைக்கும் என்பதே அதன் கணக்கு. அமெரிக்க வீட்டுக்கடன் சிக்கலில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியாத நிலையில், கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டனர். 2008 பிப்ரவரியில் வங்கி அரசுடைமையானது.

வாங்குபவருக்குத் தேவை நீண்டகாலப் பணம். கொடுப்பவருக்குத் தேவை நினைத்த நாளில் திரும்பும் பணம். இந்த முரணை வட்டி விகிதம் மூடிமறைக்குமே தவிர, தீர்த்துவிடாது.

இந்த முரணைக் கட்டுப்படுத்த, நிலையான நிதி ஆதாரத்தை வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், குறுகியகால மொத்த வைப்புகளை வங்கிகள் அதிகம் நாடுவதாக 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் எச்சரித்தார். சில்லறைச் சேமிப்பைத் திரட்டுவது மெதுவான, செலவு பிடிக்கும் வேலைதான். அந்த உழைப்பைத் தவிர்க்கும் வங்கிக்குக் கட்டுப்பாட்டில் சலுகை கூடாது.