எட்டாயிரமா? ஐந்நூறா?



இறுதியாண்டு வந்ததும் ஹாஸ்டலில் கேட்கும் முதல் கேள்வி, "மச்சி, ப்ராஜெக்ட் எங்கடா வாங்கப்போற?" என்பதுதான். "என்னடா செய்யப்போற?" என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் ஒரு கடையில் 8,000 ரூபாய் விலை சொன்னார்கள். போர்டு, புரோகிராம், ரிப்போர்ட் எல்லாம் ரெடி. பெயரை மட்டும் நாம் எழுதிக்கொள்ள வேண்டும்!

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "கெழங்கு வெட்டுனதும் தர்றேன்ப்பா" என்றார். அந்த மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர் ஜவ்வரிசி மில்லுக்குப் போய்க் காசாக வருவதற்குள் எத்தனை பேர் முதுகு ஒடியும் என்பது எனக்குத் தெரியும். அதனால், வாங்க வேண்டாம், செய்தே பார்ப்போம் என்று இறங்கினேன்.

லேபில் நாம் படிக்கும் 8051, இன்டெல் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்தது. அதன் ரேம் 128 பைட். நான் வாங்கிய நானோ வகை போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் 2 கிலோபைட். இந்த வகை போர்டுகளுக்கு மூலமான அர்டுயினோ, 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் மாணவர்களுக்காகவே பிறந்தது. அதன் சர்க்யூட் படத்தை எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள். அதனால் யாரும் செய்து விற்கலாம். 280 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது அப்படித்தான். பிரெட்போர்டு, எல்.இ.டி., பஸர் எல்லாம் சேர்த்தும் 500-ஐத் தாண்டவில்லை. கம்ப்யூட்டர்? சித்தி மகன் பிளஸ் டூவில் வாங்கிய பழைய அரசு லேப்டாப். மென்பொருள் இலவசம். ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் தேவையில்லை. சிக்னல் கிடைக்காத எங்கள் மலைக்கு அது பெரிய வரம்!

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. போர்டை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் பார்த்தால், நான் செருகியது சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயர். உள்ளே டேட்டா கம்பியே இல்லை! ஒயரை மாற்றினேன், எல்.இ.டி. கண் சிமிட்டியது. 5 வோல்ட்டில் எல்.இ.டி.க்கு 2 போக மீதி 3. 220 ஓம் போட்டால் சுமார் 14 மில்லி ஆம்பியர். மார்க்குக்காக எழுதிய ஓம் விதி அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு அலாரம் செய்தேன். இரண்டு கம்பிகளைத் தண்ணீர் தொட்டால் பஸர் அடிக்கும். மூன்றே வாரத்தில் ஒரு கம்பி பச்சை பிடித்து அரித்துவிட்டது. எந்நேரமும் டி.சி. ஓடினால் அப்படித்தான் ஆகும் என்று சார் விளக்கினார். ஐந்து நொடிக்கு ஒருமுறை, அளக்கும் கணத்தில் மட்டும் கரண்ட் கொடுக்கும்படி புரோகிராமை மாற்றினேன். இன்றும் அடிக்கிறது. இந்தப் பாடத்தை எந்தக் கடை விற்கும்?

"கம்பெனிக்காரன் மார்க்தாண்டா பார்ப்பான்" என்று சிலர் சொல்வார்கள். சரி, பார்க்கட்டும். ஆனால் வைவாவில் "இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?" என்று கேட்டால் ரிப்போர்ட்டா வாய் திறக்கும்? "இங்கிலீஷ் வராது" என்பதும் சாக்குதான். நானும் தமிழ் மீடியம்தான். புரோகிராமுக்குத் தேவைப்படுவது இருபது முப்பது சொற்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: 5 வோல்ட்டோடு விளையாடுங்கள், 230 வோல்ட் மோட்டார் பக்கம் சார் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

என் தாழ்மையான கருத்து இதுதான். ஐந்து பேர் ஆளுக்கு நூறு போட்டால் ஒரு செட் வந்துவிடும். நம் மாணவர் பேரவையும் பத்து போர்டு வாங்கி, நூலகப் புத்தகம் போல இரவல் கொடுக்க வேண்டும். அதுவும் முதலாமாண்டு மாணவர்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

அடுத்தவன் செய்த பெட்டியில் பெயர் எழுதுவதற்கா நம்மைப் படிக்க அனுப்பினார்கள்? யோசியுங்கள் நண்பர்களே!