மீனுக்குப் பாண் எதற்கு?



பாடசாலை லீவு விட்டதும் வேன் பிடித்து, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை என்று திருகோணமலைக்குப் புறப்படுவது கண்டிப் பக்கத்துக் குடும்பங்களில் வழமை. சோற்றுப் பொதி, பிள்ளைகளின் மாற்றுடுப்பு எல்லாம் கட்டும்போது, மீனுக்குப் போடவென்று இரண்டு இறாத்தல் பாணும் பையில் ஏறும். இம்மாதம் அந்தப் பாணைப் பற்றித்தான்.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது புறாத்தீவு. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதைச் சுற்றி முருகைக்கல். ஸூரா அர்ரஹ்மானில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மர்ஜானுக்குப் பவளம் என்றே பெரும்பாலும் பொருள் கூறுவர். முருகைக்கல்லும் அந்தப் பவளக் குடும்பம்தான்.

கல் என்று பெயர், ஆனால் உயிருள்ளது. கடுகளவும் மிளகளவுமான ஆயிரமாயிரம் பிராணிகள் கூடிக் கட்டிய வீடு அது. அவற்றின் உடலுக்குள்ளேயே நுண்ணிய பாசி குடியிருந்து, பகலில் வெயிலை வைத்து உணவு சமைத்துக் கொடுக்கிறது. இரவில் அப்பிராணிகள் சிறு கைகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும்.

இந்த வீட்டுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, கல்லின் மேல் படரும் வேறு பாசி. அது மூடிவிட்டால் முருகைக்கு வெளிச்சமில்லை, புதுக் குஞ்சு ஒட்ட இடமுமில்லை. அதைச் சுரண்டித் தின்னத்தான் கிளிமீன் இருக்கிறது. நீலமும் பச்சையுமாக, கிளி அலகு போன்ற வாயோடு இருக்குமே, அதுதான். கல்லோடு கடித்து அரைத்து, மிஞ்சியதை வெண்மணலாகக் கழித்துவிடும். நாம் காலாற நடக்கும் மணலில் அதன் பங்கும் உண்டு, ஸுப்ஹானல்லாஹ்!

இப்போது பாணைப் போடுங்கள். வயிறு நிறைந்த மீன் பாசியை ஏன் சுரண்டப்போகிறது? துணிந்த மீன்கள் படகைச் சுற்றி மொய்த்து மற்றவற்றைத் துரத்தும். தின்னாத பாண் கரைந்து பாசிக்கே பசளையாகும். பிள்ளைகளின் சந்தோஷத்துக்காகச் செய்கிறோம் என்பது சரி; ஆனால் அந்த மீனுக்கு ரிஸ்கு அங்கேயே வைக்கப்பட்டிருக்கிறது.

மற்ற ஆபத்து, முட்கிரீட நட்சத்திர மீன். தன் இரைப்பையையே வாயால் வெளியே தள்ளி, முருகையின் மேல் விரித்துக் கரைத்து உறிஞ்சிவிடும். போன இடமெல்லாம் வெள்ளை எலும்புதான் மிச்சம். 1970களின் தொடக்கத்தில் திருகோணமலைப் பக்கம் இது பெருகியிருந்தது. இதன் முள்ளுக்கும் அஞ்சாமல் தின்பவர் வெகு சிலரே. அவர்களில் ஒருவர் டிரைட்டன் என்ற பெரிய சங்குப் பூச்சி. அதன் ஓடு எங்கே என்கிறீர்களா? அழகாயிருக்கிறதென்று வாங்கி ஷோகேஸில் வைத்துவிடுகிறோம்! புறாத்தீவிலிருந்து சங்கோ முருகைத் துண்டோ எடுத்து வருவது சட்டப்படி குற்றமுங்கூட.

மே முதல் செப்டெம்பர் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். போனால், ஆழமில்லாத இடத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு காதை நீருக்குள் வைக்கச் சொல்லுங்கள். கிளிமீன் கல்லைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்கும்.