ஆறு பேர் கிளம்பினார்கள்... மூன்று பேர் முடித்தார்கள்! நண்பர்களோடு சைக்கிளில் நெடுந்தூரம் போகும் முன் பேச வேண்டியது என்ன?

"மச்சான், இந்த லீவுல கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிள்லயே போலாமாடா?"

விருத்தாசலத்தில் ஒரு டீக்கடை. நான்கு நண்பர்கள். அதில் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டீ ஆறுவதற்குள் வாட்ஸ்அப் குழு தயாராகிவிடும். குழுவுக்கு என்ன பெயர், டி-ஷர்ட் என்ன நிறம், யாரிடம் கியர் சைக்கிள் இருக்கிறது என்று நள்ளிரவு வரை மெசேஜ் பறக்கும். எல்லாம் பேசுவார்கள். ஒன்றை மட்டும் யாரும் பேச மாட்டார்கள். 'நடுவழியில் நம்மில் ஒருவனால் முடியவில்லை என்றால் என்ன செய்வது?'

கிளம்பும்போது அப்படிக் கேட்பது அபசகுனம் போலத் தோன்றும். ஆனால், அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று புரிய, நூறு வருடங்களுக்கு முன்னால் பம்பாயில் சைக்கிள் எடுத்த ஆறு பேரின் கதை தெரிய வேண்டும்.

பம்பாயிலிருந்து பம்பாய்க்கு... உலகம் வழியாக!

1920-ல் பம்பாய் ஓவல் மைதானத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் பேசினார். ஐரோப்பாவிலிருந்து நடந்தே இந்தியா வந்தவர் அவர். அந்தப் பேச்சு சில பார்சி இளைஞர்களின் மனதில் ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் கழித்து, 1923 அக்டோபர் 15 அன்று ஆறு பேர் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா, குஸ்தாத் ஹாதிராம், கேகி போச்கானாவாலா, நரிமன் கபாடியா. எல்லோரும் பம்பாய் வெயிட்லிஃப்டிங் கிளப் உறுப்பினர்கள். உடம்பில் வலுவுக்குக் குறைவில்லை.

பலுசிஸ்தான், பாரசீகம் வழியாக பாக்தாத் போனார்கள். அங்கிருந்து சிரியாவின் அலெப்போ வரை 956 கிலோமீட்டர் பாலைவனத்தை 23 நாள்களில் கடந்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக சுமார் 42 கிலோமீட்டர்தான். மணலும் வெயிலும் பஞ்சரும் அதற்கு மேல் விடவில்லை. பிறகு ஐரோப்பா, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, பர்மா. நான்கு வருடம் ஐந்து மாதம், சுமார் 71,000 கிலோமீட்டர். 1928 மார்ச் 18 அன்று பம்பாய் திரும்பியபோது ஹக்கீம், பாபசோலா, பும்காரா மூவர்தான் இருந்தார்கள்.

மற்ற மூவருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஹாதிராமுக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். மற்ற இருவரும் பாதியில் ஊர் திரும்பினார்கள். அவ்வளவுதான். ஆனால், பயணம் நிற்கவில்லை. மிச்சமிருந்தவர்கள் அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். 1931-ல் வந்த அந்தப் புத்தகத்துக்கு ஜவஹர்லால் நேரு முன்னுரை எழுதினார்.

இது ஏதோ ஒரு குழுவுக்கு நடந்தது என்று ஒதுக்க முடியாது. 1926 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து பிமல் முகர்ஜியோடு சேர்த்து நான்கு நண்பர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். வழியில் பிரிந்தார்கள். 1937-ல் சுற்றி முடித்து ஊர் வந்தபோது முகர்ஜி தனி ஆள்.

ஆக, நெடும்பயணத்தில் ஒருவர் விலகுவது அதிசயமும் இல்லை, துரோகமும் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும்.

சூளைக்கு முன் காய வேண்டும்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். செராமிக் தொழிற்பேட்டை இருக்கும் ஊர். அச்சில் வார்த்த பொம்மையை எடுத்த கையோடு சூளையில் வைத்தால் என்ன ஆகும்? உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி பொம்மையை வெடிக்க வைத்துவிடும். அவசரப்பட்டு வெயிலில் காய வைத்தால், ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் சுருங்காமல் விரிசல் விடும். நிதானமாகக் காய்ந்த மண்தான் சூட்டைத் தாங்கும்.

உடம்பும் அப்படித்தான். முதல் மாதம் வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 20 கிலோமீட்டர் போதும். அடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்வேலி வரை போய் வரலாம். அது பழகியதும் கடலூர். முந்திரித் தோப்புகளைத் தாண்டி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகப் போய்த் திரும்பினால் சுமார் 120 கிலோமீட்டர் ஆகிவிடும்.

ஒரு நாள் 120 ஓட்டிவிட்டால் தயார் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் காலையில் எழுந்து, அதே சீட்டில் மறுபடி உட்கார முடிகிறதா என்பதுதான் தேர்வு. அதனால், கிளம்புவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுச் சுமையோடு சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். சைக்கிளில் என்ன கோளாறு, நட்பில் என்ன கோளாறு என்று இரண்டும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

வேகத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. நெடுந்தூர சைக்கிள்காரர்கள் உலகம் முழுக்க ஓட்டும் பி.ஆர்.எம். பயணத்தில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி நேரம் 30 நிமிடம் தருகிறார்கள். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. சாப்பாடு, ஓய்வு, பஞ்சர் எல்லாம் இதற்குள் அடங்கும். கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்தான். இது போட்டி இல்லை என்பதால் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை.

பாதையும் பையும்

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம், திட்டக்குடி வழியாகத் தொழுதூரில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருச்சி, மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி. மொத்தம் சுமார் 500 கிலோமீட்டர். நாளுக்கு 100 என்றால் ஐந்து நாள், ஒரு நாள் ஓய்வுக்கு. இதைச் செய்து பார்த்த பிறகு காஷ்மீரைப் பற்றிப் பேசலாம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரும் தேசிய நெடுஞ்சாலை 44 மட்டும் 3,700 கிலோமீட்டருக்கு மேல்.

பருவம் பார்த்துக் கிளம்புங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம். ஆடி மாதம் போனால் ஆரல்வாய்மொழி பக்கம் காற்று சைக்கிளைத் தள்ளும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. காலை 5 மணிக்குக் கிளம்பி, 11 மணிக்குள் பாதித் தூரத்தை முடிப்பது நல்லது. இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், பின்விளக்கு, ஒருவர் பின் ஒருவராகப் போவது... இந்த மூன்றிலும் சமரசம் கூடாது.

சுமையை முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். இரண்டு உபரி டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, ஆலன் கீ, செயின் ஆயில், நாலு ஸ்போக்ஸ். பின்சக்கர ஸ்போக்ஸ்தான் சுமை தாங்காமல் முதலில் உடையும். பஞ்சர் ஒட்ட நான்கு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும். 'அவன் பார்த்துப்பான்' என்று விட்டால், அந்த 'அவன்' விலகும் நாளில் மூன்று பேரும் சாலையோரம் நிற்க வேண்டியதுதான்.

டீக்கடையிலேயே முடிவு செய்ய வேண்டிய நான்கு

முதலாவது, வேகம். குழுவில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் எல்லோருக்கும். அவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்த நேரத்தில்தான் அவர் வந்து சேர்வார். உடனே கிளம்பச் சொல்வார்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. நட்பு முறிவது இங்கேதான்.

இரண்டாவது, பணம். சாப்பாடு, தங்கும் செலவுக்கு எல்லோரும் சமமாகப் போட்ட பொதுப் பணம், அதை வைத்திருக்க ஓர் ஆள். தினமும் இரவில் கணக்கு.

மூன்றாவது, திரும்பும் உரிமை. முழங்கால் வலிக்கலாம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகலாம். 'எனக்குப் போதும்' என்று தோன்றலாம். காரணம் எதுவாக இருந்தாலும் கேலி செய்வதில்லை என்று முன்பே வாக்குக் கொடுங்கள். ஊர் திரும்பும் ரயில் செலவு ஒவ்வொருவர் பையிலும் தனியாக இருக்கட்டும். சைக்கிளை ரயிலில் பதிவு செய்து அனுப்பலாம். தெற்கிலிருந்து சென்னை போகும் பல ரயில்கள் விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்கின்றன. ஒருவர் திரும்பினால் மற்றவர்கள் தொடர்வதா, எல்லோரும் திரும்புவதா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். களைப்பிலும் கோபத்திலும் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது.

நான்காவது, வீடு. தினமும் ஒரே நேரத்தில் ஒரு போன். 'வந்து சேர்ந்துட்டோம்மா' என்ற ஒரு வரி போதும், வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பம்பாய் நண்பர்கள் ஆறு பேருமே பளு தூக்கிப் பழகியவர்கள். அப்படியும் பாதிப் பேரால்தான் முடிக்க முடிந்தது. உடல் வலு மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நான்கு பேரும் கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தால் சந்தோஷம். இரண்டு பேர் மட்டும் பார்த்துவிட்டு வந்து, மற்ற இரண்டு பேரோடு அதே டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தபடி கதை சொல்ல முடிந்தால், அதுவும் முடித்த பயணம்தான்.

வாட்ஸ்அப் குழுவுக்கு அப்புறம் பெயர் வைத்துக்கொள்ளலாம். முதலில் இந்த நான்கையும் பேசிவிடுங்கள்.